குச்சியம்மாவின் பாத்தி

அந்தக் குடியிருப்பில் அவளைக் குச்சியம்மா என்றால்தான் தெரியும். பல் டாக்டர் ஒருவரிடம் கருவிகளைக் கொதிக்கவைத்து அடுக்கும் வேலை. அது முடிந்தால், கார் நிறுத்துமிடத்துக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள பாத்திதான் அவளுக்குத் தாய்வீடு. வருஷா வருஷம் தானே துளிர்க்கிற செடிகளாகப் பார்த்து நட்டிருந்தாள். பூக்கிற மாதங்களில் வண்டும் பட்டாம்பூச்சியும் மொய்க்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பூ உதிர்ந்து தண்டுகள் காய்ந்து நின்றால் மட்டும் ஆளுக்கொரு நாக்கு முளைத்துவிடும்.

"என்ன குச்சியம்மா, அடுப்புக்கா சேத்து வெக்கிறீங்க?" என்பார் சங்கச் செயலாளர்.

"தண்டுக்குள்ள தேனீ முட்டை வெச்சிருக்கு சார். மறுபடி பூக்கிறப்ப வெளிய வரும். அதுவரைக்கும் வெட்டக் கூடாது."

"வரட்டும், மெம்பராச் சேத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் பாத்தியை எடுத்துவிட்டு சிமெண்ட் போடுவது என்று முடிவாயிற்று.

அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பாத்திப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஆனால் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றால் பஸ்ஸைக் கண்ணாடி மாதிரி துடைத்து நிறுத்திய மனிதர். சனிக்கிழமை அவள் கிளினிக் போனதும் கத்தரியோடு இறங்கினார். ஒரு தண்டு விடாமல் தரையோடு வெட்டி, சாக்கில் அடைத்து, குப்பைத்தொட்டி ஓரம் வைத்தார். மண்ணைப் பெருக்கவும் செய்தார்.

சாயங்காலம் வந்தவள் நேரே பாத்திக்குப் போனாள்.

"எப்படி, பளிச்சுனு இருக்கா? நீ தேனீன்னு சொன்னியேன்னு நல்லா தேடிட்டுதான் வெட்டினேன். ஒரு கூடுகூடத் தொங்கல."

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் விரலில் கொப்புளம் கண்டிருந்தது. அவளுக்காக அவர் குனிந்து செய்த முதல் வேலை அது. விழுங்கிக்கொண்டாள்.

"குப்பை லாரி வந்துச்சாங்க?"

"இன்னும் வரல. ஏன்?"

அவள் ஓடினாள். சாக்கை மாடியிலிருந்த தங்கள் வீட்டுக்கு இழுத்து வந்து, ஒரு தண்டை அவர் கண்ணருகே பிடித்தாள். உள்ளே துளை, துளையை அடைத்துக்கொண்டு தேனீ வைத்த மண் பூச்சு. அவர் இன்னொரு தண்டையும் எடுத்துப் பார்த்தார்.

"இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நட்ட நாள்லேருந்து அதைத்தானே சொல்றேன்."

கத்தரி நசுக்கியது போக மிச்சத்தைக் கட்டுக்கட்டாகக் கட்டினார்கள். முடிச்சுப் போட்டவர் அவர்தான்.

மறுநாள் கமிட்டிக்குப் பாத்தி ரொம்பப் பிடித்துப்போனது. "இப்பத்தான் தோட்டம் மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்," என்றார் செயலாளர். பிறகு அண்ணாந்து பார்த்தார். டிரைவர் வீட்டு பால்கனிக் கம்பி நெடுக விறகுக்கட்டுகள் போல என்னவோ தொங்கின.

"அது என்ன சார் அசிங்கமா?"

"அது எங்க வீட்டு பால்கனி," என்றார் டிரைவர். "வேணும்னா மேல வந்து பாருங்க. கை மட்டும் வெக்காதீங்க. உள்ள ஆள் இருக்கு."