கார்த்தியாயினி திருப்பிக் கொடுத்த அட்டை

இனித் தனக்கு வேண்டுவதில்லை என்ற இடத்தில் தானே கையை மடக்கிக்கொள்ளும் நிறைவு, அறங்களுள் அரிதானது. ஈகையை உலகம் காண்கிறது, புகழ்கிறது. வாங்காமல் விட்டதை எவரும் காண்பதில்லை. கேரளத்தின் தென்கோடியில் பாறசாலைக்குக் கிழக்கே, எல்லைச் சாவடியிலிருந்து நடந்து போகும் தொலைவில் வாழை பயிரிட்டு வாழும் கார்த்தியாயினிக்கு அந்த நிறைவு வாய்த்திருந்தது.

அவருக்குச் சொந்த நிலம் வீடிருக்கும் பத்து சென்ட் மட்டுமே. வாழையெல்லாம் பாட்டக் குத்தகைக்கு எடுத்த மண்ணில்தான். ஒரு மழைக்காலத்தில் குலை தள்ளி நின்ற வாழை அத்தனையையும் காற்று முறித்துப் போட்டது. மூன்றாம் நாளே வாழைக்கன்று தேடி மலையோர அம்பூரி வரை போய் வந்தவர் அவர். கணவர் பொன்னையன் தென்னை ஏறுபவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. அப்போதுதான் அவர்கள் வீட்டுக்கு ஏழைகளுக்குரிய இளஞ்சிவப்பு ரேஷன் அட்டை வந்தது. அரிசி வந்தது; ஆஸ்பத்திரியில் சலுகை கிடைத்தது. அதை வாங்கக் கார்த்தியாயினி நாணவில்லை. விழுந்தவனைத் தூக்குவதற்கு அரசு வேண்டும் என்பது அவர் எண்ணம். எழுந்து நடப்பவனும் தன்னைச் சுமக்கச் சொல்வதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மகன் ரதீஷ் வளைகுடா நாட்டில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு அவன் கட்டி முடித்த வீடு ஆயிரம் சதுர அடியைத் தாண்டியது. அத்தகைய வீடுள்ளவருக்கு அந்த அட்டை இல்லை என்பது விதி. பால் காய்ச்சிய மறுவாரமே கார்த்தியாயினி மருமகள் ரேஷ்மியிடம் பேச்சை எடுத்தார்.

"மோளே, அந்த பிங்க் கார்டு இனி நமக்குள்ளது இல்ல, கேட்டியா. திரும்பக் குடுக்கணும்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரேஷ்மியின் கை நின்றது. "மாமிக்கு என்ன கிறுக்கா? மாமாவுக்க ரெண்டாவது ஓப்பறேஷன் வருகுது. கார்டு இருந்தா செலவுல முக்காலும் இல்ல. இந்த வார்டுல கார் வச்சிருக்கியவனும் பிங்க் கார்டு வச்சிருக்கான். அவன் குடுத்தானா?"

"அவன் கார்ல போனா எனக்க கலத்துல சோறு குறஞ்சா போச்சு?"

கட்டிலிலிருந்து பொன்னையன் குரல் கொடுத்தார். "இடுப்பு எனக்குள்ளது மோளே. பாத்துக்கிட எனக்க மோன் உண்டு. ஆரும் இல்லாதவன் கவர்மென்டுக்கிட்ட போகட்டு."

"வாய் நல்லாத்தான் இருக்கு மாமா. இடுப்புதான் செரியில்ல."

பொன்னையன் சிரித்துவிட்டார். ரேஷ்மி சிரிக்கவில்லை.

கார்த்தியாயினியின் நெஞ்சை அறுத்தது வேறொன்று. இரண்டு வீடு தள்ளி இருப்பவள் பிஜி. அவள் கணவன் அஜேஷுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை டயாலிசிஸ். அவர்களுக்கு இருப்பதோ வசதியுள்ளோரின் வெள்ளை அட்டை. மாற்றித் தரும்படி மனு கொடுத்து ஓராண்டாயிற்று. பட்டியல் நிறைந்திருக்கிறது, ஒருவர் வெளியேறினால்தான் ஒருவரைச் சேர்க்க முடியும் என்பதே பதில். பந்தியில் உண்டு முடித்தும் இலையை மடக்காமல் உட்கார்ந்திருப்பவளாகத் தன்னை எண்ணிப் பார்க்கக் கார்த்தியாயினிக்குக் கூசியது.

அந்த நாட்களில்தான் தகுதியில்லாத அட்டைகளை நீக்குவதாகப் பல வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தது. வயரிங் வேலை செய்யும் தீபு என்பவன் ஊரைக் கூட்டிச் சமரப் போராட்டம் அறிவித்தான். செவ்வாய்க்கிழமை காலை, அவரவர் அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நெய்யாற்றின்கரை ரேஷன் சப்ளை ஆபீசின் முன் திரள வேண்டும். அவன் பக்கம் நியாயமும் இருந்தது. ஒரு முதியவருக்கு, அவர் தம்பியின் வீட்டை அவருடையதாக எழுதி நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கோரிக்கை அந்த முதியவரோடு நிற்கவில்லை. எந்த வீட்டிலிருந்தும் அட்டையை எடுக்கக் கூடாது என்பதில் போய் நின்றது.

கார்த்தியாயினிக்குச் செவ்வாய்தான் சந்தையில்லாத நாள். பிறர் கோஷம் போடுகிறார்கள் என்பதற்காகத் தன் காரியத்தைத் தள்ளிவைக்க அவர் எண்ணவில்லை. அட்டையை உறையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலை நோக்கி நடந்தார். அந்தக் கோலத்தில் கண்டவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அக்கா வந்தாச்சு! எலே, வழி விடுங்கலே!" என்று தீபு பாய்ந்து வந்தான்.

"எனக்கு உள்ள போகணும் மக்கா."

"எல்லாரும் சேந்து போலாம். இடுப்பு ஒடிஞ்சவருக்க வீடாக்கும் உங்களுக்குள்ளது. அத சொன்னா போதும். ரெண்டே வார்த்தை."

மைக் கைக்கு வந்துவிட்டது. மேடையில் எல்லோரும் மலையாளத்தில் பேசியிருந்தார்கள். கார்த்தியாயினி வீட்டுப் பேச்சிலேயே பேசினார்.

"எனக்க வீட்டுக்காரர் விழுந்த அன்னைக்கு இந்தக் கார்டு எங்களுக்குச் சோறு தந்தது. அத மறக்கப்பிடாது. இப்ப எனக்க மோன் நல்ல வீடு வச்சிட்டான். அதனால திரும்பக் குடுக்க வந்தேனாக்கும்."

உயர்த்திய அட்டைகள் சில தாழ்ந்தன. பின்வரிசையிலிருந்து ஒருவன், "சேச்சிக்கு ஸ்டேஜ் மாறிப்போச்சே!" என்றான். சிரிப்பு எழுந்தது. நோட்டீஸ் வந்த வீட்டுக்காரியான விஜயம்மா சிரிக்கவில்லை. "டைல்ஸ் போட்ட தரையில நடந்தா பின்ன நம்மள எல்லாம் கண்ணு தெரியுமா?" என்றாள். இருபது ஆண்டுகள் ஒன்றாகச் சந்தைக்குப் போனவள் அவள். அந்தச் சொல் கார்த்தியாயினிக்கு நன்றாகவே தைத்தது.

தீபு மைக்கை அணைத்தான். "என்ன அக்கா இது? குவாரிக்காரன் மலையத் தின்னியான். அவன விட்டுட்டுப் பாவப்பட்டவனுக்க கார்டுல கை வைக்கியது நியாயமா?"

"நியாயமில்ல மக்கா. அவன் கள்ளத்தனம் செஞ்சா அவனப் பிடிக்கச் சொல்லு, நானும் வாறேன். தப்பா நோட்டீஸ் வந்த கிழவனுக்கு வேண்டியும் கேளு. வாய்க்கால் உடஞ்சதுக்கு மறியல் செஞ்ச அன்னைக்கு ரோட்டுல உனக்க பக்கத்துல இருந்தது ஆரு? நான்தானே? ஆனா பிஜி லிஸ்டுக்கு வெளிய நிக்கியா. நான் உள்ள இருந்துட்டு, ஒருத்தரையும் எறக்காதேன்னு எந்த வாயால விளிச்சுச் சொல்ல?"

தீபு மைக்கைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். பிறகு வாசலில் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். "போங்க. நாளைக்கு ஓப்பறேஷன் நேரத்துல எங்கள குற்றம் சொல்லப்பிடாது."

உள்ளே தன்யா என்ற இளம் ஊழியை, அட்டையை ஒப்படைக்கும் மனுவை வாங்கிப் படித்தாள். நல்ல மனம் படைத்தவள். விவரம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஓப்பறேஷன் கழிஞ்சிட்டு வந்து குடுத்தா போதாதா?"

வெளியே கேட்ட ஏச்சை விட இந்தக் கனிவுதான் கார்த்தியாயினியைத் தடுமாற வைத்தது. "இந்த இடம் பிஜிக்குக் கிடைக்குமா மோளே?"

"அத சொல்ல முடியாது. லிஸ்ட்ல ஆரு முன்ன உண்டோ, அவங்களுக்கு."

அட்டையை நீட்டிய கை பாதியில் நின்றது. பிஜிக்கென்று எண்ணித்தானே இத்தனை தூரம் வந்தது? முகம் தெரியாத யாருக்கோ கொடுப்பதற்காகக் கட்டிலில் கிடப்பவரின் துணையை இழப்பதா? மின்விசிறியின் கீழே தாள்கள் படபடத்தன. அரிசி தீர்ந்த பானையை எட்டு ஆண்டுகளுக்கு முன் கவிழ்த்து வைத்த அந்தக் காலை அவர் நினைவுக்கு வந்தது. அன்று தமக்காக எழுந்து இடம் விட்டவர் எவரென்று அவருக்கும்தான் தெரியாது.

"முன்ன நிக்கியவளுக்கும் வயிறு உண்டு இல்லியா? எடுத்துக்கோ."

அந்த இடம் கோட்டுகால் ஊருக்குப் போனதோ, வேறெங்கே போனதோ, அவர் கேட்கவில்லை. பிஜியின் பெயர் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. அஜேஷ் டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் அவர்களுடைய ஆடுகளைக் கார்த்தியாயினி பார்த்துக்கொள்கிறார். முதலில் நல்ல பழக்குலை ஒன்றையும் சுமந்து போய்க் கொடுத்தார். அந்த நோய்க்கு வாழைப்பழம் ஆகாது என்று பிஜி தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகு, குலையை விற்று அரிசியாகக் கொண்டுபோகிறார்.

பொன்னையனுக்கு ஆனி மாதத்தில் அறுவை நடந்தது. செலவு முழுவதையும் ரதீஷ் ஏற்றான். அதற்காக இன்னும் ஓராண்டு அங்கேயே தங்க ஒப்புக்கொண்டான். ஓணத்துக்கு அவன் வரவில்லை. "உங்க அம்மைக்குக் குடுக்க எளுப்பம். ஓணம் போனது எனக்காக்கும்" என்று ரேஷ்மி போனில் அவனிடம் சொன்னது கார்த்தியாயினியின் காதில் விழுந்தது. ஆனாலும் அட்டையைக் கொடுத்ததற்காக அவர் வருந்தவில்லை. அன்று மாலை மருமகளுக்குப் பிடித்த இலையடையைத் தம் கையாலேயே அவித்து வைத்தார். ரேஷ்மி இரண்டு தின்றுவிட்டு எழுந்து போனாள்.

நெய்யாற்றின்கரையில் வெண்ணெய் ஏந்தி நிற்கும் கண்ணன் அந்த வீட்டின் மேல் கண் வைப்பானாக. பொன்னையனின் கால் முற்றமெங்கும் நடக்கட்டும். கடல் கடந்தவன் நலமே திரும்பட்டும். அவனுக்காகக் காத்திருப்பவள் முகம் மலரட்டும். உண்போரும் உண்பிப்போரும் குறையாது அவ்வீடு வழிவழியாக வாழ்க.