கம்ங்க மிஸ், சிட்ங்க மிஸ்

“வாரத்துக்கு ரெண்டு நாளு உங்க ஊட்டுக்கு வந்து குதிச்சிக்கினு போறா. குதிக்கிறதுக்கு எங்க ஊட்லயே எடம் இருக்குது மிஸ். இங்கிலீஷ் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னது அமலா, என்னிடம் படிக்கிற ஜெசியின் அம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசற்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் இது ஒரு வசதி. பிள்ளைகள் விளையாடியது எல்லோர் கண்ணிலும் படும். இங்கிலீஷ் மட்டும் யார் கண்ணிலும் படாது. உங்களில் யாராவது வீட்டு ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ் ஃபார் கிட்ஸ்’ என்று கேட்டில் அட்டை தொங்கவிட்டவராக இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

அமலாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஒர்க்‌ஷாப் போட்டுவிட்டார். ஜூன் மாதம் குடும்பமே திண்டிவனத்திலிருந்து அங்கே போகிறது. இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெசி தமிழ் மீடியத்தில் இரண்டாவது முடித்தவள். சின்னவள் ஒன்றாவது. விழுப்புரத்தில் பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில், இன்டர்வியூவில் ஜெசி இங்கிலீஷில் பதில் சொன்னால்தான் மூன்றாவது, இல்லாவிட்டால் திரும்பவும் இரண்டாவதே என்று சொல்லியிருந்தார்கள். அதாவது தங்கச்சியோடு ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச். இன்டர்வியூவுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஜெசி என் கிளாசில் அதுவரை பேசிய இங்கிலீஷ் ‘மிஸ்’ என்ற ஒரே சொல்.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க, தானா வரும்” என்றேன், பொறுமைக்கும் எனக்கும் என்னமோ பழக்கம் இருப்பது மாதிரி.

“தானா வர்றதுக்கு இன்னாத்துக்கு மிஸ் உங்ககிட்ட அனுப்பணும்?”

ஹாலில் ஒரு கடை

ரோஷம் வந்தது. அடுத்த வகுப்புக்கு ஹாலில் கடை போட்டேன். தக்காளி, கத்திரிக்காய், சோப்பு, சீப்பு, ஒரு கிண்ணம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கடைக்காரர் இங்கிலீஷில் கேட்க வேண்டும், வாங்க வருகிறவர் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கடைக்காரராக இம்ரானை உட்கார வைத்தேன். ஏழு வயது. அவன் அப்பா துபாயில் இருப்பதால் இங்கிலீஷ் தங்கள் குடும்பச் சொத்து என்ற எண்ணம் உள்ளவன். நான் முதலில் போய், “ஐ வான்ட் ஹாஃப் எ கிலோ ஆஃப் டொமேட்டோஸ், ப்ளீஸ்” என்று கான்வென்ட் உச்சரிப்பில் நீட்டி முழக்கினேன். அவன், “ஜல்தி மிஸ், பின்னாடி கஸ்டமர் வெய்ட்டிங்” என்றான். நான் விற்பனைக்கு வைத்திருந்த மல்லாட்டையில் பாதி அதற்குள் அவன் வாயில் இருந்தது.

ஜெசியின் முறை. வந்தாள். கத்திரிக்காயைக் காட்டினாள். இம்ரான் எடுத்துக் கொடுத்தான். சோப்பைக் காட்டினாள். கொடுத்தான். பை நிறைந்தது. வாய் திறக்கவில்லை. “பேசு ஜெசி, கேட்டு வாங்கு” என்று பின்னாலிருந்து தூண்டிக்கொண்டே இருந்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இங்கிலீஷில்தான் ஊமை, தமிழில் அவளுக்கு வாய் காது வரைக்கும்.

“சூப்பர் மார்க்கெட்ல நாமளே எடுத்துக்கினு வர்றோம். அங்க யாரு மிஸ் பேசுறாங்க?”

மிஸ்டர் ஸ்பூன்

விளையாட்டு வேலைக்கு ஆகவில்லை என்றதும் எனக்குள் இருந்த கான்வென்ட் விழித்துக்கொண்டது. நான் படித்த காலத்தில் தமிழில் பேசி மாட்டிக்கொள்கிறவள் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுப்பார்கள். அவள் அடுத்து தமிழ் பேசுகிறவளைக் கண்டுபிடித்து அதைத் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் யார் கையில் இருக்கிறதோ அவள் நூறு தடவை இம்போசிஷன் எழுதுவாள். அந்த ஸ்கூல் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்ததோ இல்லையோ, அடுத்தவர் தப்பைப் பிடிப்பதில் என்னைத் தேர்ந்தவளாக்கிவிட்டது. கல்யாணமான பிறகு அது பல விதத்தில் உதவியிருக்கிறது.

சமையல்கட்டிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவில் கண்ணும் மூக்கும் சிரிக்கிற வாயும் வரைந்து, மிஸ்டர் ஸ்பூன் என்று பெயர் வைத்தேன். தமிழ் பேசினால் மிஸ்டர் ஸ்பூன் உன் மடிக்கு வருவார் என்று அறிவித்தேன். கண் வரைந்துவிட்டால் தண்டனை விளையாட்டாகிவிடும் என்று நம்பிய என் அறிவை என்ன சொல்ல. ஒன்பது பிள்ளைகளும் அடுத்த நொடியே வாயை மூடிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மின்விசிறிச் சத்தம் மட்டும். தண்ணீரைத் தமிழில்தான் கேட்கத் தெரியும் என்பதால் தாகத்தை அடக்கிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு கமலாக்கா கையில் ஈரத்துணியோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“கிளாஸ் லீவுன்னு நெனச்சேன். யாராவது தவறிட்டாங்களா?”

யூ

மூன்று வாரம் போனது. அமலா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கேள்விக்குறி அனுப்ப ஆரம்பித்தார். எனக்குத் தூக்கம் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை தங்கச்சியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற காட்சி தோசை ஊற்றும்போதெல்லாம் வந்தது.

அடுத்து ஓர் ஆட்டம். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வந்து எனக்கு இங்கிலீஷில் ஆர்டர் போட வேண்டும், நான் அதைச் செய்ய வேண்டும். கம், கோ, சிட், ஸ்டேண்ட், ஜம்ப். டீச்சரை ஆட்டி வைக்கலாம் என்றதும் கிளாசே எழுந்து நின்றது. இம்ரான் என்னை ஹாலை மூன்று சுற்று ஓட வைத்தான். ஜெசி முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “கம்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு?” என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கியது.

“உங்களைப் போய் எப்படி மிஸ் ‘வா’ன்னு சொல்றது? எங்கம்மா வாயிலயே போடுவாங்க.”

ஐந்து நிமிஷம் விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ‘கம்’ என்றால் ‘வா’ என்று வார்த்தை அட்டையில் எழுதிக் கொடுத்தவள் நானேதான். ‘யூ’ என்றால் ‘நீ’ என்று எழுதியதும் நான்தான். என் எதிரில் நின்று இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் அது அவள் காதில் ‘நீ, வா, போ’ என்றே விழுந்திருக்கிறது. இத்தனை நாளாக மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளையை, மண்டையில் ஏறவில்லை என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

உடனே மேதாவி மாதிரி, இங்கிலீஷில் மரியாதைக்கு ‘ப்ளீஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ‘ப்ளீஸ் கம்’ என்று சொல்லலாம் என்றேன். ஜெசி யோசித்தாள்.

“ப்ளீஸ்னா தயவு செஞ்சுதானே. தயவு செஞ்சு ‘வா’. அப்பவும் ‘வா’தானே மிஸ்?”

மரியாதையோடு குதித்தது

பத்து வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் இலக்கணம் படித்தவள் நான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “உனக்கு எதைச் சேர்த்தா மரியாதையா இருக்குமோ சேர்த்துக்கோ, தாயே” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேனா என்று நினைவில்லை.

ஜெசி நிமிர்ந்தாள். “கம்ங்க மிஸ்” என்றாள். போனேன். “சிட்ங்க.” உட்கார்ந்தேன். “ஸ்டேண்ட்ங்க. ஜம்ப்ங்க. டர்ன்ங்க.” மடை திறந்த மாதிரி வந்தது. அட்டையில் இருந்த ஒரு வார்த்தை பாக்கியில்லை. எல்லாம் உள்ளே அடுக்கி வைத்திருந்திருக்கிறாள், ஒரு ‘ங்க’ இல்லாமல் வெளியே எடுக்க முடியாமல். நாற்பத்தேழு வயது முழங்கால் இருபது தடவை உட்கார்ந்து எழுந்தது. இருபத்தோராவது தடவை சோபாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். ஜெசி பரிவோடு கிட்டே வந்தாள்.

“டயர்டுங்களா மிஸ்? வாட்டர் டிரிங்க்ங்க. அப்புறம் ஜம்ப்ங்க.”

வீட்டுக்காரர்

இந்த வியாதி தொற்றும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் கணவரை, “கம்ங்க, ஈட்ங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் விழுப்புரம் ஆபீசுக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவர், அதிகம் பேசாதவர், பேசினால் நான் திருத்துவேன் என்பதால். டிவியை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் தோசையை முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து இன்னிக்குத்தான் எனக்கு மரியாதை குடுத்திருக்க. அதுவும் இங்கிலீஷ்ல.”

இன்டர்வியூ

கடைசி வாரம் எனக்கு மறுபடியும் கான்வென்ட் ஜுரம். இப்படியே ‘ங்க’ போட்டுக்கொண்டு போனால் சிரிக்க மாட்டார்களா? “அங்க மட்டும் ‘ங்க’ வேணாம்டா செல்லம்” என்று ஜெசியிடம் பதமாகத்தான் சொன்னேன். அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது. அந்த வகுப்பு முழுக்கத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் என் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு தப்பைத் திருத்தாமல் விடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னிடம் டியூஷன் படித்தவர்களுக்குத் தெரியும்.

அமலா ஒற்றைக் காலில் நின்றதால் நானும் போனேன். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டுகிற வரைக்கும் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தவர், முண்டியம்பாக்கம் வந்ததும் என் பக்கம் திரும்பினார். “மிஸ், தங்கச்சி கூட உக்கார வச்சாங்கன்னா இவ ஸ்கூலுக்கே போவ மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்கா. எனக்கு பேஜாரா இருக்குது.” எனக்கும்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என் வயதுக்காரர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. பேர் கேட்டார். “மை நேம் இஸ் ஜெசிங்க.” அமலா கண்ணை மூடிக்கொண்டார். கலர் கேட்டார், பழம் கேட்டார், எத்தனை விரல் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, எல்லாம் ‘ங்க’வோடு. அந்தம்மா சிரிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. இதெல்லாம் மனப்பாடம் என்று நினைத்தாரோ என்னவோ, திடீரென்று என்னைக் காட்டி, “ஹூ இஸ் ஷீ?” என்றார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெசி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மிஸ்ங்க. ஆங்க்ரி மிஸ்ங்க.”

“ஓ. ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப் ஹெர்?”

“நோங்க. ஐ சே ஜம்ப், ஷீ ஜம்ப்.”

நாற்காலி நுனியில் இருந்த நான், ‘ஷீ ஜம்ப்ஸ்’ என்று திருத்துவதற்காகத் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அட்மிஷன் ஃபாரத்தை இழுத்து மூன்றாம் வகுப்பு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அமலா பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம் குனிந்து, அசல் விழுப்புரம் தமிழில் கேட்டார்.

“தேர்டுலயே போட்டுட்டேன். நெஜமாவே குதிப்பீங்களா நீங்க?”

சனிக்கிழமை

அந்த வாரமே அமலா சாமான்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டார். போகும்போது ஒரு டப்பா கேக்கும், “இனிமே ஸ்கூல்லயே பாத்துக்குவாங்க மிஸ்” என்ற வார்த்தையும் கொடுத்தார். நல்லதுதான். சனிக்கிழமை மிச்சமிருந்த எட்டுப் பேரும் வந்தார்கள். சிட், ஸ்டேண்ட், ஜம்ப் என்று சுத்தமான இங்கிலீஷில் அதட்டினார்கள். உச்சரிப்பில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. எனக்குத்தான் குதிக்க மனசு வரவில்லை. கால் வலி என்று சொல்லிக் கலரிங் ஷீட்டைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

வாய் திறக்காதா என்று நாம் உயிரை விடுவதும், திறந்ததும் அது வேறு ஊரில் போய்ப் பேசுவதும்தான் இந்தத் தொழில்.

மத்தியானம் அமலாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டேன்: “லீவு நாளில் ஜெசியை ஒரு தடவை அனுப்பி வையுங்க. எனக்கு ஆர்டர் போட இங்கே சரியான ஆள் இல்லை.”

இரண்டு டிக்கும் நீலமாகி ஒன்பது நாள் ஆகிறது.