மிதித்த கால்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, திரும்பி, விரலை ஆட்டித் தலைகளை எண்ணுகிறார். இந்த நடையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த என்னையும் சேர்த்துப் பதினொன்று. கணக்குச் சரியாக இருந்தால் "ரைட், போலாம்" என்கிறார். பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறுதோறும் கடலோரமாக ஒன்பது கிலோமீட்டர் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய், அங்கிருக்கும் உயிர்களையும் மனிதர்களையும் காட்டுகிறார். இப்போதும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

"அப்ப முன்னாடி போங்க, முன்னாடி போங்கன்னு தொண்டை கிழியக் கத்துவேன். இப்ப ஒருத்தரும் எனக்கு முன்னாடி போகாதீங்கன்னு கத்துறேன்" என்கிறார். வீட்டில் பால் வாங்க நூறடி நடக்க மாட்டார் என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

நண்டு வளையைச் சுற்றிப் புது மணல் உருண்டைகள் கிடந்தால், "வீட்டுக்காரர் உள்ள இருக்காரு" என்று குரலைத் தாழ்த்துகிறார். படகு பழுது பார்க்கும் கொட்டகை வாசலில் எங்களை நிறுத்திவைத்து, உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்த பிறகே போக விடுகிறார். மீன் தரம் பிரிக்கும் பெண்களை நோக்கி ஒருவர் போனைத் தூக்கினார். கண்டக்டர் போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். "உங்க ஆபீசுக்குள்ள வந்து யாராவது இப்படி எடுத்தா சும்மா இருப்பீங்களா?"

மணல்மேடு வந்ததும் ஆள் மாறிவிடுகிறார். உப்புக்கொத்திப் பறவைகள் முட்டையிடும் மாதம் இது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் மணலில் மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள் கிடக்கும். ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும்.

வரிசையின் கடைசியில் ஒரு டீச்சர். முன்னால் போகிறவரின் காலடித் தடத்திலேயே தன் காலைப் பொருத்திப் பொருத்தி வைத்து வருகிறார். மூன்று வருடமாக இந்த மாதத்தில் தவறாமல் வருகிறவராம். "நான் மூணு முட்டைய உடைச்சவ" என்று சொல்லித்தான் வகுப்பில் பறவைப் பாடத்தையே ஆரம்பிப்பேன் என்றார் என்னிடம்.

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது கண்டக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க உடைக்கல சார். நான்தான். அவங்க முதல் தடவை வந்தப்ப, இதே மேட்டுல கிளிஞ்சல் எடுக்க ஒரு அடி விலகுனாங்க. அவங்களத் திட்டிக்கிட்டே நான் பின்பக்கமா நடந்தேன். குதிகால்ல நொறுக்குன்னுச்சு. சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் திரும்புனாங்க, யார் கால்னு யாரும் பாக்கல. 'பாத்தீங்களா, ஒரு அடி விலகுனதுக்கு என்ன ஆச்சுன்னு' அப்படின்னுட்டேன். வாயில வந்துடுச்சு. அவங்க அழுதாங்க. அப்பவாவது மாத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லலயே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் உங்க பத்திரிகை படிக்கிறவங்க. நீங்க எழுதிடுங்க, புண்ணியமாப் போகும்."

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கே, நீங்களே சொல்லிடுங்க" என்றேன். சுலபமாகச் சொல்லிவிட்டேன். நான் செய்த தவறுக்கு யார் யார் தலை குனிந்திருக்கிறார்கள் என்று யோசித்தபோது, இரண்டு முகங்கள் உடனே வந்தன. அதன் பிறகு அவர் பக்கம் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுபடி நடந்தோம். மேட்டின் நடுவில் கண்டக்டர் வரிசையை நிறுத்தினார். தலைகளை எண்ணவில்லை. எங்கள் தடங்களின் மேலேயே கால் வைத்துக் கடைசிவரை போய், டீச்சருக்கு எதிரே நின்றார்.

"டீச்சர்..."

டீச்சர் திடுக்கிட்டுக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "ஐயோ, தப்பா வச்சுட்டேனாண்ணா?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். சட்டென்று முழங்கால் போட்டு உட்கார்ந்தார். டீச்சரின் பாதத்துக்கு முன்னாலிருந்த மணலை இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்லத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். வைங்க" என்றார், தலையைத் தூக்காமல்.