காரமடைத் தேருக்குப் போன வயிறு

அரங்கசாமி நாயுடுவின் வயிறு பேசும். கணபதி என்கிற ஊரில் அந்த வரிசை வீடுகளில் குடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். காலை எட்டு மணிக்கு மேல் அவர் வீட்டுச் சுவரோரம் நின்றால் போதும். முதலில் காலிக் குடத்தைத் தரையில் உருட்டுவது போல ஒரு சத்தம். பிறகு குடத்துக்குள் மாட்டிக்கொண்டவன் திறந்துவிடச் சொல்லி முனகுவது போல ஒன்று. மூன்றாவது, அரங்கசாமி கொல்லைக் கதவைத் திறக்கும் சத்தம். அந்த முனகல் சில நாள் "பங்காரு, பங்காரு" என்று கேட்டதாக அடுத்த வீட்டுக்காரி சத்தியம் செய்தாள். பங்காரு, அரங்கசாமியின் மனைவி.

அறுபத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் அவருக்குச் சீதபேதி கண்டது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்டு, வந்த வழியே போயிற்று. அரங்கசாமியிடம் மட்டும் இரத்தமும் சீதமும் நின்ற பிறகும் பேதி தங்கிவிட்டது. நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. நூல் மில்லில் அவருக்கு மத்தியான ஷிப்டு. அங்கே கக்கூசுக்குப் போகிறவர் மேஸ்திரியிடம் பித்தளை வில்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும்; இலாகாவுக்கு ஒரே வில்லை. அது அரங்கசாமியின் மடியிலேயே குடியிருந்ததால் மற்ற நாற்பது பேரும் அடக்கத்தின் அருமையை அறிந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர் கன்னம் உள்ளே போய்க் கண் வெளியே வந்தது. அரைஞாண் கயிறு நழுவித் தொடையில் நின்றது.

மறுபக்கத்து வீட்டில் அவருடைய அக்கா அம்புஜம், கைம்பெண். சீதபேதி கண்ட வாரத்திலிருந்தே விடிந்ததும் ஒரு சொம்புப் பாலில் துளசி போட்டு, உதட்டுக்குள் மந்திரம் முணுமுணுத்துக் கொண்டுவருவாள். தம்பி குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள்.

"இது பேதி இல்லடா கண்ணு. உள்ளார ஆரோ குந்திக்கிட்டு உன்னைத் தின்னுட்டு இருக்கறாங்க" என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். உக்கடத்திலிருந்து மாசாணத்தை வரவழைத்தாள். சோற்றில் வைத்து ஊட்டிய செய்வினை மருந்தை வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுப்பது மாசாணத்தின் தொழில். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அரங்கசாமியின் தொப்புளில் மூங்கில் குழாயை ஊன்றினாள். கன்னம் குழிய உறிஞ்சினாள். வயிறு ஊளையிட்டது. குழாயை எடுத்துவிட்டு உள்ளங்கையில் துப்பினாள். எச்சிலுக்குள் சுருண்டு கிடந்தது, முழ நீளத்துக்கு ஒரு தலைமயிர்.

"இந்த ஊட்டுப் பொம்பளை மயிருங்க. சோத்துல வெச்சுக் குடுத்திருக்குது."

எல்லோரும் பங்காருவின் பின்னலைப் பார்த்தார்கள். அம்புஜம் மயிரைக் காகிதத்தில் மடித்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகினாள். தாய்மாமன் வரதராஜுலு தீர்ப்புச் சொன்னார். ஒரு மண்டலம் பார்ப்பது; அதற்குள் வயிற்றில் இருப்பது வெளியேறாவிட்டால் வீட்டில் இருப்பவள் வெளியேற வேண்டும், துடியலூருக்கு, பிறந்த வீட்டோடு. அன்று முதல் பால் சொம்பும் பெரிதாயிற்று.

பங்காரு அழுது முடித்துவிட்டுப் புருஷனை உக்கடத்துக்கே, மாசாணம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த டாக்டர் அப்துல் நாசரிடம் அழைத்துப் போனாள். தீப்பெட்டியில் கொண்டுபோனதை அவர் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"பூச்சி, கிருமி ஒண்ணும் காணோமுங்க. வவுத்தை உட்டுட்டு வாயை விசாரிப்போம். என்ன உண்டாரு, எத்தனை தடவை போனாரு, ரண்டையும் தினம் எழுதுங்கம்மா. ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாக்கு வறண்டு மயங்கினாலோ எழுதிக்கிட்டு இருக்காதீங்க. தூக்கிக்கிட்டு வாங்க."

மில் கொடுத்த காலண்டரில் பங்காரு எழுதினாள். கொல்லைக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் கரித்துண்டால் ஒரு புள்ளி. மாசி மாதத் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆறேழு கண்கள் முளைத்து அவளையே பார்த்தன. நடுவில் நாலு கட்டங்களில் மட்டும் கண்ணே இல்லை.

அந்த நாலு நாளும் வீட்டில் அப்படி ஒரு அமைதி. சத்தம் இருந்தபோது பயப்படாத பங்காரு அப்போதுதான் பயந்தாள். அரங்கசாமி சுவரில் சாய்ந்து, வயிற்றின்மேல் கை வைத்துக் காத்திருந்தார்.

"உள்ள ஆருமில்ல, பங்காரு."

"போயிருச்சுங்களா?"

"போகல. அக்காகூடத் தேர் பாக்கப் போயிருக்குது. வந்துரும்."

காரமடைத் தேர் பார்த்துவிட்டு அம்புஜம் ஐந்தாம் நாள் காலை பொரியோடு வந்தாள், பாலோடும் வந்தாள். எட்டு மணிக்குக் குடம் உருண்டது. பங்காரு கரித்துண்டை எடுத்தாள்.

காலண்டரை டாக்டர் தடவித் தடவிப் படித்தார். "அரிசி, கம்பு, ரசம், எல்லா நாளும் அதேதான். இந்த நாலு நாள்ல என்ன மாறுச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நாத்தனார் ஊருல இல்லீங்க."

"அவங்க இல்லாததால எது நின்னுச்சு?"

பங்காரு யோசித்தாள். "பால் நின்னுச்சுங்க."

"பாலா? எழுதவே இல்லையேம்மா?"

"நீங்க உண்டதைத்தானுங்க எழுதச் சொன்னீங்க. அது ஆகாரமில்லீங்க, பரிகாரமுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாதம்மா. சீதபேதி வந்துபோன குடல் சில பேருக்குப் பாலைத் தாங்காதுங்க. நிறுத்திப் பாருங்க. உப்புப் போட்ட கஞ்சி குடுங்க, காய்ச்சின தண்ணி குடுங்க. நல்லாப் புளிச்ச மோர் ஒத்துக்கலாம்."

மண்டலம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. பால் வேண்டாமென்று சொன்னால் 'மருந்து வைத்தவளின் குட்டு வெளிப்பட்டது' என்பார்கள். மறுநாள் சொம்போடு வந்த நாத்தனாரிடம் பங்காரு கேட்டாள்.

"ஏனுங்க வதினா, பாலுல எறக்கின மந்திரம் மோரா ஆனா போயிருமுங்களா?"

"எம் மந்திரமா? வெண்ணெயாக்கி, நெய்யாக்கினாலும் போகாது!"

"அப்ப உறை ஊத்தி வெக்கறனுங்க."

பத்து நாள் மந்திர மோர். பத்து நாளும் வயிறு வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரதராஜுலு வந்து உட்கார்ந்தார்.

"மருந்து முறிஞ்சுது மாமா. ஆனா வெச்சவ இங்கதான இருக்கறா? நாளைக்கு மறுக்கா வெக்கமாட்டாளா?" என்று அம்புஜம் காகிதப் பொட்டலத்தை நீட்டினாள்.

வரதராஜுலு பிரித்தார். அன்று அது கறுப்பாக இருந்ததாகத்தான் எல்லோருக்கும் ஞாபகம். இப்போது அடி முதல் நுனி வரை வெள்ளி போல நரைத்திருந்தது. பங்காருவின் தலையில் ஒரு நரை கிடையாது.

அம்புஜத்தின் கை தானாக எழுந்து தன் நரைத்த கொண்டையைத் தொட்டது.

"நான்... தூக்கத்துல நானே எதாச்சும் வெச்சுட்டனா..."

மாசாணத்தின் முக்காட்டுக்குள்ளும் நரைதான். அன்று அங்கே ஒருவருக்கும் மாசாணத்தின் தலை நினைவுக்கு வரவில்லை. பங்காருவுக்கு வந்திருக்கலாம். அவள் மயிரை வாங்கி அடுப்பில் போட்டாள். அது சுருண்டு, நிமிர்ந்து, எரிந்தது.

"காத்துல வந்து உழுந்த மயிருங்க வதினா. நாளைக்கும் பால் கொண்டாங்க."

அந்த நாற்றத்துக்குள், பத்து நாளுக்குப் பிறகு, அரங்கசாமியின் வயிறு ஒரு தரம் உறுமியது. எல்லோரும் திரும்பினார்கள்.

"பசிக்குதுங்க மாமா" என்றார் அரங்கசாமி.

துடியலூர்ப் பேச்சு அதோடு நின்றது. பித்தளை வில்லை மேஸ்திரியின் ஆணிக்குத் திரும்பியது. அரங்கசாமி ரிட்டயராகும் வரை மோரிலேயே ஓட்டினார். கல்யாண வீட்டுப் பாயசத்தில் ஏமாந்த நாட்களில் மட்டும் குடம் உருளும்.

அம்புஜம் பிறகு சாகும்வரை தன் கையால் யாருக்கும் சோறு பரிமாறவில்லை.