மண்ணிற வளையம்

வெஸ்ட்மீட்டில் ஒரு நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். புற்றுநோய்த் திசுவை மெல்லியதாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவதுதான் என் வேலை. உயிரணுவின் மேற்பரப்பில் நின்றுகொண்டு, உள்ளே "பெருகு, பெருகு" என்று செய்தி அனுப்பும் புரதம் ஒன்று உண்டு. அது நிறைய இருந்தால் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி மண்ணிற வளையம் தெரியும்.

அம்மாவின் கருப்பைப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. அந்தப் புரதம் நிறைய இருந்தால், அதைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் திசு எங்கள் கூடத்துக்கே வந்தது. சொந்தக்காரருடையதை நாங்கள் தொடக்கூடாது. பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தேன். அவள் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது எழும்பி வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்குள் கால் வைக்கமுன்பே அம்மா கேட்டார்.

"பாத்தனியோ தம்பி?"

"இல்லை அம்மா. பாக்கக்கூடாது."

"இந்த வீட்டில படிச்சது நீ ஒருத்தன். ஊராரின்ரையை எல்லாம் பாக்கிறாய், பெத்தவளின்ரையை மட்டும் பாக்க ஏலாதோ?"

நான்கு நாட்கள் அவர் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் டொக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மா திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க அடர்ந்த மண்ணிற வளையங்கள். டொக்டர் வாய் திறக்கமுன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து இருக்கு, என்ன?"

"ஓம் அம்மா."