மீன் கூடையில் வந்த கேமரா

மாமல்லபுரத்தில் எங்கள் தெரு முழுக்கச் சிற்பக் கூடங்கள். காலை முதல் மாலை வரை உளிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் அடுப்பில் வைத்ததை மறந்து அப்படியே நிற்பேன். பல மாதங்கள் இப்படித்தான் இருந்தேன். காரணத்தை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சபையாருக்கு இப்போது சொல்கிறேன்.

நான் ஒரு நாளிதழில் புகைப்படக்காரியாக இருந்தவள். சேகர் என்னோடு வேலை செய்தவர். ஒருநாள் சென்னையில் படம் எடுத்துவிட்டு இருவரும் புறநகர் ரயிலில் திரும்பினோம். நான் உள்ளே உட்கார்ந்தேன். அவர் வாசலில் காற்றுக்காக நின்றார். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு: நகரத்துக்குள் போனால் கேமராவின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள், எவனாலும் பிடுங்க முடியாது. சேகரும் சுற்றியிருந்தார்.

ரயில் நகரத் தொடங்கியபோது நடைமேடையிலிருந்து ஒருவன் கதவில் இரும்பால் தட்டினான். 'டங்' என்று ஒரு சத்தம். சேகர் திரும்பிப் பார்த்தார். அவன் கேமராவைப் பற்றி இழுத்தான். வார் கையை விட்டு வரவில்லை. கேமராவோடு சேகரும் போனார்.

அவர் பிழைக்கவில்லை. அவருடைய அலறலை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நினைவில் இருப்பது அந்தத் தட்டல் மட்டும்தான்.

வேலையை விட்டேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை என்று சபைகளுக்குப் படம் எடுத்துப் பிழைத்தேன். ஜெபித்தேன். போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். தட்டல் நிற்கவில்லை. பாத்திரம் விழுந்தாலும் அதுதான், பக்கத்து வீட்டுக் கேட் சாத்தினாலும் அதுதான். சாட்சி சொல்கிறவள் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் சபை மேரி அக்கா சென்னையில் மகன் வீட்டில் இறந்துபோனார். மகள் ஸ்டெல்லா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். விடுப்பு கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் போனைத் தொடவும் விடமாட்டார்கள். சவப்பெட்டியை மூடுமுன் குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அம்மாவின் முகம் யார் யார் போனிலோ சுற்றக்கூடாது என்று மகன் செல்போன் படங்களைத் தடுத்துவிட்டான். "நீங்க மட்டும் எடுங்க அக்கா, தங்கச்சி பாக்கணும்" என்றான். தலைமாட்டில் ஸ்டெல்லாவுக்கென்று ஓர் இடம் விட்டு எல்லோரும் நின்றார்கள். எடுத்தேன். அந்தப் படங்கள் என் கேமராவுக்குள் மட்டும்தான் இருந்தன.

மதியம் செங்கல்பட்டு ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். தாம்பரத்தில் கூட்டம் இறங்கியது. பெட்டியில் நான் மட்டும். ரயில் நகரும்போது இரண்டு ஆண்கள் தாவி ஏறினார்கள். ஒருவன் எனக்கு எதிரே உட்கார்ந்து மடியிலிருந்த பையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவேயில்லை. இன்னொருவன் வாசலை மறித்து நின்றான். அவன் கையில் சாவி இருந்தது. அதைக் கம்பியில் தட்டினான்.

டங்.

குனிந்து பார்த்தேன். கேமராவின் வார் பையிலிருந்து வெளியே வந்து என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை. அவிழ்க்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை. வண்டலூரில் இறங்கிவிட எழுந்தேன். வாசலில் நின்றவன் நகரவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். அடுத்தடுத்த நிலையங்களிலும் யாரும் ஏறவில்லை. அவன் தட்டிக்கொண்டே வந்தான். ரயில் ஓடும் சத்தத்துக்குள் சேகர் என் பெயரைச் சொல்வதுபோல் கேட்டது.

வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, என்னைத் தனியா விடாதேயும்" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். எதிரே இருந்தவன் சிரித்தான்.

பொத்தேரியில் ரயில் நின்றது. முதலில் ஓர் அலுமினிய அன்னக்கூடை உள்ளே வந்தது. வாசலில் நின்றவனின் முழங்காலில் இடித்தது.

"வய்ல நின்னுகினு இன்னாடா பண்ற? தள்ளு!"

புதுப்பட்டினத்து மீன்காரப் பெண்கள். மாணவர்களுக்குச் சமைக்கும் மெஸ்களுக்கு மீன் போட்டுவிட்டு வெறும் கூடைகளோடு திரும்புகிறவர்கள். வழக்கமாகச் சரக்குப் பெட்டியில் போவார்கள், அன்று அங்கே காலடி வைக்க இடமில்லையாம். முன்னால் வந்தவர் பெயர் பூங்காவனம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நெற்றியில் பெரிய குங்குமம்.

"லேடீஸ் பொட்டில ஒங்களுக்கு இன்னா வேல?"

"ஏர்றப்ப பாக்கலக்கா."

"ஆன சைசுக்கு எய்தி வெச்சிக்கீது, பாக்கலியா? நாளைக்குப் பொடவ கட்டிகினு வா, பக்கத்துல எடம் போட்டு வெக்கிறேன்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"இன்னா பொண்ணே, மாட்டக் கட்டுற மாரி கைல சுத்திகினு கீற?"

"கேமரா அக்கா."

"அவுறு. இதுல போடு."

"மீன் தண்ணி..."

"கவர் கீதும்மா. நாத்தம் மட்டுந்தான் வரும். அந்த நாத்தத்துக்கு எவன் கைய வெப்பான்?"

"அவ வூட்டுக்காரரே வெக்க மாட்டாரு!" என்றார் எதிரே இருந்த பெண். பூங்காவனம் அவர் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

என் விரல்கள் அப்போதும் மடங்கவில்லை. அவரே அவிழ்த்தார். செதில் ஒட்டிய, குளிர்ந்த கைகள். சுற்று சுற்றாக வார் என் கையை விட்டுப் போனது. கேமராவைப் பையோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி, கூடைக்குள் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல் தன் காலை நீட்டிக்கொண்டார். மறைமலை நகரில் ரயில் நிற்பதற்கு முன்பே அந்த இருவரும் குதித்து இறங்கினார்கள். அவர்களைத் திருடர்கள் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. எழுதமாட்டேன். நான் சாட்சி சொல்வது என் பெட்டிக்குள் யார் அனுப்பப்பட்டார்கள் என்பதற்கு மட்டும்.

செங்கல்பட்டில் பேருந்து நிலையம் வரை அவர்கள் நடுவில் நடந்தேன். கேமரா பூங்காவனத்தின் தலைமேல் வந்தது. மாமல்லபுரம் பேருந்தில் என்னை ஏற்றி, ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தார். "எங்க போனாலும் நாலு பேராண்ட பேசிகினு போம்மா" என்றார்.

அன்றிலிருந்து வாரை நான் கையில் சுற்றுவதில்லை. கேமராவை வெறும் காய்கறிப் பையில் கொண்டுபோகிறேன். படம் எடுத்ததும் கார்டைக் கழற்றி என்னிடம் தனியாக வைத்துக்கொள்கிறேன். ஆள் இருக்கும் பெட்டியில்தான் ஏறுகிறேன், ஏறியதும் யாரிடமாவது பேச்சுக் கொடுக்கிறேன். உளிச் சத்தம் இப்போதும் கேட்கிறது. சில நாள் அதற்குள் சேகரும் இருக்கிறார். ஆனால் அடுப்பை நான் மறப்பதில்லை.

படங்களை அன்று மாலையே ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். வேலை முடிந்து கூப்பிட்டாள். "யாருக்கா தல வாரி வுட்டது? அம்மா வகிடு நடுவுல எடுக்காது, ஓரமாத்தான் எடுக்கும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழ அவளுக்கு ஒரு முகம் கிடைத்தது. ஆண்டவருக்கு நான் நன்றி சொல்வது முதலில் அதற்காக.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் எதையோ கையில் இறுகச் சுற்றிக்கொண்டு, பேசாமல், தனியாக உட்கார்ந்திருக்கலாம். வசனம் நினைவுக்கு வராவிட்டால் பரவாயில்லை. வாய்விட்டுக் கேளுங்கள். வருகிறவர் மேல் மீன் நாற்றம் அடிக்கலாம், வேறு சாமி கும்பிடுகிறவராக இருக்கலாம். நகர்ந்து இடம் கொடுங்கள்.