ஒரே தட்டில் மூன்று மாத்திரை

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் குரல் இறங்கிப்போய்விட்டது. சளி இல்லை, இருமல் இல்லை. காலையில் வாயைத் திறந்தால் யாரோ ஒரு ஆம்பிளை பேசுவது மாதிரி இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் மேல் சுரம் பாடுகிறவள் நான். வரப்போகிற ஈஸ்டருக்குத் தனியாகப் பாட நாலு வரி எனக்குக் கொடுத்திருந்தார்கள். டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும் நிறைந்த அந்தக் கோயிலில், எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த எனக்கு இருந்த ஒரே மரியாதை அந்த நாலு வரிதான்.

கழுத்து வேறு லேசாகப் புடைத்திருந்தது. போதாதா எனக்கு? கண்ணாடி முன்னால் நின்று நின்று, அது புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அண்ணியிடம் போய், "நான் போனப்புறம் தையல் மிஷினை நீங்களே வெச்சுக்கங்க" என்றேன்.

அண்ணி பள்ளிக்கூட டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டே, "சரி, வெச்சுக்கறேன். போறதுக்கு முன்னாடி என் பாவாடைக்கு ஓரம் அடிச்சுட்டுப் போ" என்றாள்.

ஆனாலும் மறுநாளே லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி வர ஒரு யுகம் எடுத்துக்கொண்டது.

"பாருங்க டீச்சர், கால்கூட யோசிச்சுத்தான் திரும்புது" என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சோம்பலாகிவிட்டது. அது வேலை செய்ய இரும்புச் சத்தும் வேண்டும், என் ரத்தத்தில் அது ரொம்பக் குறைச்சல். எலும்பெல்லாம் வலிக்கிறது என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு அவர் காரணம் கேட்ட விதம் வேறு.

"வெயில்ல எப்போம்மா நிப்பே?"

"நிக்கவே மாட்டேன் டாக்டரம்மா. விடிஞ்சா மிஷின், சாயங்காலம் கோயில்."

"தாம்பரத்துல இருந்துகிட்டு வெயிலுக்குப் பஞ்சமா? தினமும் அரை மணி நில்லு."

மூன்று மருந்து எழுதினார். தைராய்டுக்குக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு வெள்ளை மாத்திரை, இரும்பு மாத்திரை, வெயிலில் கிடைக்கிற வைட்டமின் டிக்காக மீன் எண்ணெய் மாத்திரை. சீட்டில் வெள்ளை மாத்திரைக்கு மட்டும் 'காலை' என்று எழுதியிருந்தது.

மொட்டை மாடியில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். கீழே பால் ஊற்ற வந்த பால்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா தங்கச்சி, வடாம் கணக்கா காஞ்சிகினு கீறே! காக்கா தூக்கினு போயிடப் போவுது!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் வடாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அண்ணன் ரயில்வே ஆபீசில் வேலை. ரயிலைப் பிடிக்குமுன் ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்த நேரத்தில் வீட்டிலிருக்கிற எல்லா மருந்தும் ஒரே பீங்கான் தட்டில் வந்துவிட வேண்டும். அண்ணனுடைய வயிற்று மாத்திரை, அண்ணியின் டானிக், என் மூன்று உருப்படி. பக்கத்தில் ஆவி பறக்கப் பால் காபி. "இந்த மருந்துகளை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று அண்ணன் முடித்ததும் ஆமென் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே மடக்கில் காபியோடு விழுங்க வேண்டும். ஜெபிக்காத மருந்து எங்கள் வீட்டில் யார் தொண்டையிலும் இறங்காது.

இரண்டு மாதம் இப்படி விழுங்கினேன். குரல் அசையவில்லை. ஒரு நாள் பயிற்சியில் நின்றபடியே தூங்கிவிட்டேன். பாட்டு மாஸ்டர், "ஈஸ்டருக்குள்ள உன் குரல் வரலைன்னா, அந்த நாலு வரியை ஆர்மோனியத்துக்கே குடுத்துடுவேன். அதுவாவது முழிச்சிக்கிட்டிருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்போது லெந்து வந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் மத்தியானம் வரை தண்ணீர் மட்டும் என்று, குரலுக்காக நேர்ந்துகொண்டேன். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை எரிச்சல் கொடுத்ததால், அதையும் மீன் எண்ணெயையும் அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தள்ளினாள். சீட்டில் 'காலை' என்று இருந்த வெள்ளை மாத்திரை மட்டும் தட்டில் அநாதையாக நின்றது. அதைத் தண்ணீரில் விழுங்கினேன்.

நாலாவது வாரம் எனக்கு மத்தியானத் தூக்கம் வரவில்லை. ஐந்தாவது வாரம் பால்காரம்மாவுக்கு மாடியிலிருந்தே பதில் சொன்னேன், அவள் சொம்பைத் தவறவிட்டாள். குருத்தோலை ஞாயிறன்று மேல் சுரம் தானாகப் போய் உட்கார்ந்தது. மாஸ்டர் ஆர்மோனியத்தைத் தடவி, "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்றார்.

"உபவாசத்தின் வல்லமை!" என்றான் அண்ணன். டாக்டரம்மா மட்டும், எதை எப்போது விழுங்கினாய் என்று குடைந்து குடைந்து கேட்டார். தட்டு விஷயத்தைச் சொன்னதும் மேஜையில் தலைவைத்துச் சிரித்தார். "அந்த இரும்புதான் வயித்துக்குள்ள வெள்ளை மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கிச்சுன்னு சந்தேகப்படறேன். காபியும் ஆகாது. தனித்தனியாவே போடு."

ஈஸ்டர் விடிந்தது. நோன்பு முடிந்த சந்தோஷத்தில் அண்ணன் பழையபடி தட்டை நிரப்பி, காபியோடு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் சேர்த்துப் போட்டால் குரல் உடனே போய்விடாது என்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்கு அது விஷத் தட்டு. அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வெள்ளை மாத்திரையை மட்டும் எடுத்தேன்.

"மத்ததுக்கு மத்தியானம் ஜெபம் பண்ணலாம்ணா."

"ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியா ஆண்டவரைக் கூப்பிடணுமா?"

"நீங்க ஆபீஸ் போற நாள்ல நானே கூப்பிட்டுக்கறேன்."

அண்ணி டம்ளருக்குள் சிரித்தாள். அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த ஒரு மாத்திரையை" என்று ஆரம்பித்தான்.

இன்றைக்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்கிறார், இரும்புக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடு என்று. வைட்டமின் டிக்கும் தைராய்டுக்கும் என்ன உறவென்று மட்டும் இன்னும் தீர்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆனாலும் நான் மாடி ஏறுவதை விடவில்லை.

எட்டு மணி ஆராதனையில் அந்த நாலு வரியும் பாடினேன். மூன்றாவது வரியில் கண்ணைத் திறந்தால் பின்வரிசையில் பால்காரம்மா, கையில் சொம்போடு. சிரிப்பு பொங்கிவிட்டது. அந்தச் சிரிப்போடேதான், குரல் குலுங்க, மேல் சுரத்தைத் தொட்டேன். மாஸ்டர் அதையும் பாட்டில் இருப்பதாக நினைத்து, ஆர்மோனியத்தில் கூடவே ஒரு குலுக்குக் குலுக்கினார்.